2047, 2049

அட்டையில் 2047க்கு அடுத்த கட்டம் 2049.
நடுவில் இருந்ததை யாரோ
கத்தரித்துக்கொண்டு போயிருந்தார்கள்.
அந்த எண் இப்போது வருவதில்லையாம்.
"ரெண்டும் ஒன்னுதான்லா" என்றார்
லாபிஸ் சாயக்கடைத் தௌக்கே,
பாதி தமிழில், பாதி மலாயில்,
முழுதும் அவசரத்தில்.

ஒன்று என்றால் எண் எதற்கு இரண்டு?
நான் கிளினிக்கில் மாத்திரை எண்ணுகிறவள்.
இரத்த அழுத்தத்துக்கு ஒரு மஞ்சள்,
இனிப்புநீருக்கு ஒரு மஞ்சள்.
தட்டில் கலந்து கொட்டினாலும்
என் விரல் பிரித்துவிடும்.

முதலாவதன் பெயர் தேன் பால்.
மற்றது ஏப்ரிகாட் அந்தி.
ஏப்ரிகாட்டை நாங்கள் இருவருமே தின்றதில்லை.
அந்தியை அவர் பார்ப்பதில்லை,
ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட்.

சின்ன டின் இரண்டு வாங்கி
முன்னறைச் சுவரில்
சப்பாத்தி அகலத்துக்கு ஒவ்வொன்றாய்ப் பூசினேன்.
காலை ஏழு மணிக்கு
2047 பாலாடை,
2049 பப்பாளித் தோலின் உட்பக்கம்.
ஓடு கொதிக்கும் பன்னிரண்டுக்கு
இரண்டுமே வெளிறிச் செத்துக் கிடக்கும்.
மழை கட்டிக்கொண்டு வரும் நாலரைக்கு
2049 மட்டும்
உள்ளே யாரோ விளக்கேற்றியது போல.
அதற்காகத்தான் எனக்கு அது.

நாத்தனார் தவமலர் பாசிர் கூடாங்கிலிருந்து
படம் அனுப்பச் சொன்னாள்.
அனுப்பினேன்.
"ஒரே படத்த ஏன் ரெண்டு தடவ அனுப்புற?"
பக்கத்து வீட்டு மக் சூ எட்டிப் பார்த்து
இரண்டையுமே சந்தேக் என்றாள்.
அவள் வீடு பச்சை, உள்ளும் புறமும்,
அவளுக்கென்ன.

"அது வேணாம்" என்றார் பரஞ்சோதி.
நள்ளிரவு பன்னிரண்டரை, குழல்விளக்கு வெளிச்சம்.
காலணியைக்கூடக் கழற்றாமல் சுவரெதிரே நின்றார்.
ஏன் என்றால் சொல்லத் தெரியாதவர்
சட்டைக் கையைத் திருப்பிக் காட்டினார்:
செம்பனை எண்ணெய், வடிகட்டாதது,
எந்தச் சோப்புக்கும் மசியாத கறை.
அதை 2049 மேல் வைத்தார்.
எங்கே சட்டை முடிகிறது,
எங்கே சுவர் தொடங்குகிறது?

தினமும் ஊறவைத்துத் துவைக்கிறவள் நான்.
எனக்கு ஏன் கண்ணில் படவில்லை?

மறுநாள் தௌக்கேயிடம் கேட்டேன்,
வித்தியாசம் எவ்வளவு என்று.
கலக்கும் இயந்திரத்தைக் காட்டினார்.
ஐந்து லிட்டருக்கு
சிவப்பு மூன்று சொட்டு கூடவாம்.
மூன்று சொட்டுக்கா
நாலு நாள் பேசாமல் சோறு தின்றோம்?

தோட்டத்து வீட்டில் இந்தச் சண்டை கிடையாது.
வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி லோரி வரும்,
அறுபது கதவுக்கும் ஒரே சுண்ணாம்பு.
என்ன நிறம் வேண்டுமென்று
எந்த மேனேஜரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
என் அம்மா பயந்துபோயிருப்பாள்,
வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்களோ என்று.
எனக்கு இப்போது இந்தத் தாமான் வீட்டில்
முப்பது வருஷக் கடனும்
ஆயிரத்து நானூறு நிறமும்.

ஞாயிற்றுக்கிழமை அடிக்க வந்த சுகியோனோ
தூரிகையை நனைக்காமல் நின்றான்.
"யாங் மானா, காக்?"
எது என்கிறான்.
இரண்டையும் பார்த்தேன். அவனைப் பார்த்தேன்.
நாளைக்கு வா என்று
பாதிக் கூலி கொடுத்து அனுப்பினேன்.

அன்று இரவு இடி. கரண்டு போனது.
அவருக்கு ஓய்வுநாள், வீட்டில் இருந்தார்.
இருட்டில் சுவர் எது, வாசல் எது,
ஒன்றும் தெரியவில்லை.
எழுந்து போய்த் தடவித் தடவி
எங்கோ உள்ளங்கையை வைத்தார்.
"இது உன்னோடதா, என்னோடதா?"

கைப்பேசி மடியில்தான் இருந்தது.
டார்ச்சைப் போடவில்லை.
"கைய எடுக்காதீங்க" என்றேன்.
"காலையில பாக்கலாம்."